உப்புப்பாறையில் என்ன இருக்கிறது?

அணுவைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாமலும், தெரியாததால் யாருக்கும் ஒரு குறையும் இல்லாமலும் ஒரு காட்டில் மிருகங்கள் வாழ்ந்து வந்தன. அந்தக் காட்டின் நடுவில் ஒரு குட்டை. குட்டைக்கு வடக்கே ஒரு பாறை. யானையின் முழங்கால் உயரம்தான் இருக்கும். ஆனால் பாறை முழுவதும் உப்பு. மிருகங்கள் வரிசையில் வந்து நக்கிவிட்டுப் போகும்.

நக்குவதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு தடவை வந்தால் ஏழு நக்கு. யானைக்கும் ஏழு, அணிலுக்கும் ஏழு. யானையின் நாக்கு பெரிதாயிற்றே என்று அணில்கள் ஒருமுறை புகார் சொன்னபோது, "அப்ப நீங்களும் யானையா வாங்க" என்று பதில் கிடைத்தது. பதில் சொன்னவள் பாறையின் காவல்காரி, முள்ளம்பன்றி குருவம்மா. ஒவ்வொரு நக்குக்கும் ஒரு முள்ளை நிமிர்த்தி அவள் எண்ணுவாள். ஏழாவது முள் நிமிர்ந்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காதவர்களுக்கு எட்டாவது முள் எங்கே இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குருவம்மாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவள் விஷயம் தெரிந்தவள். ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காட்டைப் பார்க்க வந்தார்கள். ஆசிரியை பாறைமேல் கை வைத்து, "இது சோடியம் குளோரைடு. சோடியமும் குளோரினும் சேர்ந்தால் கிடைக்கும் சேர்மம். சேர்ந்த பிறகு இரண்டின் குணமும் மாறிவிடும்" என்று விளக்கினார். பிள்ளைகள் எல்லோரும் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடத்தைக் கவனித்தது வளைக்குள் படுத்திருந்த குருவம்மா மட்டும்தான்.

அன்றிலிருந்து நக்க வருகிறவர்களிடமெல்லாம், "நீ நக்குறது சோடியம் குளோரைடு, தெரியுமா?" என்பாள்.

"அப்படியா அக்கா? இது நாலாவதா, அஞ்சாவதா?" என்பார்கள் அவர்கள்.

பிள்ளைகள் போகும்போது ஓர் அறிவியல் புத்தகத்தை மறந்து விட்டுப் போனார்கள். காட்டோரம் மேய வந்த வெள்ளாடு மாரப்பன், அதை முப்பத்தோராம் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிவரை தின்றான். மிச்சமிருந்த முப்பது பக்கங்களை உத்தண்டம் என்ற உடும்பு எடுத்துப் போயிற்று. அந்த முப்பது பக்கமும் தனிமங்களைப் பற்றிய முதல் பாடம். சேர்மங்களைப் பற்றிய இரண்டாம் பாடம் மாரப்பனின் வயிற்றுக்குள் போய்விட்டது.

இதனால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. ஆனால் அந்த மாதம் பார்த்துக் காட்டுராஜாவான புலி, யாரோ வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் பையை முயல் என்று நினைத்து விழுங்கிவிட்டது. மூன்று நாள் வயிற்றுவலி. நான்காம் நாள் ஓர் ஆணை பிறந்தது: காட்டில் தின்னும், குடிக்கும், நக்கும் பொருள் எதுவானாலும் அதில் என்னென்ன இருக்கிறது என்று படிவத்தில் எழுதி அனுமதி வாங்க வேண்டும். புத்தகம் வைத்திருந்த ஒரே பிராணி என்பதால் உத்தண்டம் அதிகாரியாயிற்று. ஒன்றைப் பிடித்தால் விடாத பிராணி; அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானவர் யார்?

படிவத்தில் இரண்டே கட்டங்கள். 'இதில் உள்ளவை', 'அவற்றின் தன்மை'. தேனீக்கள் 'தேனில் பூ உள்ளது, நல்ல தன்மை' என்று எழுதின. அனுமதி கிடைத்தது. கரடி, கரையான் புற்றுக்காக 'கரையான்' என்று மட்டும் எழுதியது. அதற்கும் கிடைத்தது.

குருவம்மா சும்மா எழுதுவாளா? முதல் கட்டத்தில் அழகான கையெழுத்தில் 'சோடியம், குளோரின்' என்று எழுதினாள். எழுதிவிட்டு அதிகாரி தன்னைப் பாராட்டுவார் என்று காத்து நின்றாள்.

உத்தண்டம் புத்தகத்தைப் புரட்டியது. புரட்டப் புரட்ட அதன் வால் விறைத்தது.

"சோடியம். பக்கம் பதினேழு. கத்தியால் வெட்டக்கூடிய உலோகம். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துப் பாதுகாக்க வேண்டும். என்னம்மா இது? இதையா திறந்தவெளியில் வைத்திருக்கிறீர்கள்?"

"சார், அது தனியா இருந்தாத்தான்..."

"பொறுங்கள். குளோரின். பக்கம் இருபத்திரண்டு. நச்சு வாயு." உத்தண்டம் மூக்கைப் பொத்திக்கொண்டது. "இத்தனை வருஷமாகக் குழந்தை குட்டிகளுக்கு இதைத்தான் நக்கக் கொடுத்தீர்களா?"

"ரெண்டும் சேர்ந்தா குணம் மாறிடுங்க சார். உலோகமும் இருக்காது, விஷவாயுவும் இருக்காது. அதுதான் உப்பு."

"எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"அந்தப் பக்கத்தை மாரப்பன் தின்னுட்டான் சார்."

"சேர்ந்தால் குணம் மாறுமாம்!" என்று உத்தண்டம் சிரித்தது. "இந்த ஆபீசில் பதினாறு பேர் சேர்ந்து வேலை பார்க்கிறோம். யாருக்காவது குணம் மாறியிருக்கிறதா?"

பாறையைச் சுற்றி முள்வேலி வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கும்வரை பாறை மூடியிருக்கும் என்று பலகை வைத்தார்கள். மிருகங்கள் கூச்சல் போடவே, அதிகாரி மனமிரங்கி ஒரு சலுகை தந்தது. தண்ணீர் பட்டால்தானே ஆபத்து? ஈரமில்லாத நாக்கு உள்ளவர்கள் சான்றிதழ் பெற்று நக்கலாம்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் காட்டு மிருகங்கள் எல்லாம் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து, நாக்கை நீட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தன. உத்தண்டம் ஒவ்வொரு நாக்கிலும் ஒரு சருகை வைத்துப் பார்த்தது. சருகு ஒட்டினால் தேறவில்லை. எல்லா நாக்கிலும் ஒட்டியது.

அந்த வரிசையின் கடைசியில் கருப்பாயி நின்றாள். கடமான். குட்டி போட்டுப் பன்னிரண்டு நாள். உப்பில்லாமல் அவளுக்குக் கால் தள்ளாடியது, பால் வற்றிக்கொண்டு வந்தது. குருவம்மாவின் வளைக்குப் பக்கத்துப் புதரில்தான் அவள் வாசம். இருவரும் தினமும் பேசிக்கொள்கிறவர்கள்.

"அக்கா, குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துட்டு அழுவுது" என்று வளை வாசலில் வந்து நின்று சொன்னாள் கருப்பாயி. "உன் பாறையில எனக்கு ஏழு வேண்டாம். மூணு நக்கு கிடைச்சாப் போதும்."

குருவம்மாவுக்கு விஷயம் விளங்கியது. தான் எழுதிய இரண்டு சொல்லால் வந்த வினை. தானே போய்ச் சரிசெய்துவிட வேண்டும் என்று மாரப்பனைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்குப் போனாள்.

"இரண்டாம் பாடத்தில் என்ன இருந்தது?" என்று உத்தண்டம் கேட்டது.

"மொத ரெண்டு பக்கம் மொறுமொறுன்னு இருந்துச்சுங்க" என்றான் மாரப்பன். "படம் போட்ட பக்கம் கொஞ்சம் கசப்பு. பசை தடவின ஓரம் அருமை."

"சேர்மத்தைப் பற்றி?"

"எல்லாம் சேர்ந்துதானுங்க உள்ள போச்சு."

சாட்சியம் ஏற்கப்படவில்லை. குருவம்மா விடவில்லை. விஷயம் தெரிந்தவர்களுக்கே உரிய ஒரு தவறை அவள் அப்போது செய்தாள். ஓர் உதாரணம் சொன்னாள்.

"சார், தண்ணியையே எடுத்துக்குங்க. அதுலயும் ரெண்டு இருக்கு. ஹைட்ரஜன், ஆக்சிஜன். புத்தகத்துல பாருங்க."

உத்தண்டம் பார்த்தது. "ஹைட்ரஜன், எரியும் வாயு. ஆக்சிஜன், பிற பொருள்கள் எரியத் துணைபுரியும் வாயு."

"பார்த்தீங்களா? எரியிறதும் எரிய வைக்கிறதும் சேர்ந்து தீயை அணைக்கிற தண்ணி ஆயிருக்கு. குட்டை என்ன தீப்பிடிச்சா எரியுது? அதே மாதிரிதானுங்க உப்பும்."

உத்தண்டம் வெகுநேரம் யோசித்தது. பிறகு எழுந்து நின்று கைகூப்பியது.

"நல்ல வேளை சொன்னீர்களம்மா. உங்களைப் போல் பொறுப்புள்ளவர்கள் நாலு பேர் இருந்தால் போதும்."

அடுத்த அரைமணி நேரத்தில் குட்டையைச் சுற்றியும் முள்வேலி வந்தது. பலகையில் 'தீப்பற்றும் பொருள். குளிக்காதீர்' என்று எழுதியிருந்தது. கீழே சின்ன எழுத்தில், 'தகவல் உதவி: குருவம்மா'.

இரண்டு நாள் காடு தவித்தது. எருமைகள் குருவம்மாவின் வளை வாசலில் வந்து நின்றுகொண்டு, "வெளிய வாடி, விஞ்ஞானி!" என்று கத்தின. குரங்குகள் கல்லெறிந்தன. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் எல்லா நாக்கும் வறண்டது. சருகு எந்த நாக்கிலும் ஒட்டவில்லை. எல்லோருக்கும் உலர்நாக்குச் சான்றிதழ் கிடைத்தது. திட்டம் நூறு சதவீதம் வெற்றி என்று உத்தண்டம் ராஜாவுக்கு அறிக்கை அனுப்பியது.

சான்றிதழை வாயில் கவ்விக்கொண்டு கருப்பாயியும் பாறைக்குப் போனாள். ஆனால் காய்ந்த நாக்கில் உப்பு கரையாதே! தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பாறை ஓரத்திலேயே முன்னங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். குட்டி அவளைச் சுற்றி வந்தது.

எந்த அலுவலகத்துக்கு வெளியேயும் ஒரு மரம் இருக்கும். மரத்தடியில் மனு எழுதித் தருகிற ஒருவர் இருப்பார். இந்த அலுவலகத்து மரத்தடியில் இருந்தவர் கீரி நாச்சிமுத்து. அதுவரை கரடிக்கும் தேனீக்கும் படிவம் எழுதித் தந்ததும் அவர்தான். குருவம்மா ஒருத்திதான், தனக்கு எழுதத் தெரியும் என்று அவரைத் தாண்டிப் போனவள்.

இப்போது அவள் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன கண்ணு, படிச்சவங்கல்லாம் இங்க வர மாட்டீங்களே" என்றார் நாச்சிமுத்து.

"கருப்பாயி பொழைக்க மாட்டாண்ணா."

நாச்சிமுத்து மேற்கொண்டு குத்திக்காட்டவில்லை. "சரி. பாறையில என்ன இருக்கு?"

"சோடியமும்..."

"அதைக் கேக்கலம்மா. நக்கினா என்ன இருக்கு?"

"உப்பு."

"உப்புல என்ன இருக்கு?"

குருவம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "உப்புதாண்ணா இருக்கு."

"குட்டையில?"

"தண்ணி."

"தேறிட்டே" என்று நாச்சிமுத்து இரண்டு படிவத்தை நிரப்பினார். ஒன்றில் 'உப்பு'. மற்றொன்றில் 'தண்ணீர்'. தன்மை என்ற கட்டத்தில் இரண்டிலும் 'பழையது' என்று எழுதினார்.

உத்தண்டம் முப்பது பக்கத்தையும் இரண்டு தடவை புரட்டியது. உப்பு என்று ஒரு தனிமம் அதில் இல்லை. தண்ணீர் என்றும் இல்லை. இல்லாத பொருளுக்கு எச்சரிக்கையும் இல்லை.

"ஆபத்து எதுவும் பதிவாகவில்லை" என்றது. "குட்டைக்கு இப்போதே அனுமதி. பாறைக்கு மட்டும் காவல்காரி ஒரு உறுதிமொழி தர வேண்டும். முன்பு நீங்களே வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்களே?"

உறுதிமொழித் தாளில் ஒரே வரி அச்சடித்திருந்தது: 'இந்தப் பாறையில் சோடியமோ குளோரினோ கிடையாது.' அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

குருவம்மா பேனாவை வாங்கினாள். சோடியம் உலோகமாக அங்கே இல்லை என்பது உண்மை. குளோரின் வாயுவாக அங்கே இல்லை என்பதும் உண்மை. ஆனால் பாறையின் ஒவ்வொரு துணுக்கிலும் அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதும் உண்மை. இதைச் சரியாக எழுத வேண்டுமென்றால் மூன்று வரி வேண்டும்.

"சார், இதுல மூணு வரி எழுத இடம் இருக்குங்களா?"

"கோடு ஒன்றுதான்."

ஜன்னல் வழியே பாறை தெரிந்தது. கருப்பாயியின் தலை தரையில் சாய்ந்திருந்தது. குட்டி அவள் காதை நக்கிக்கொண்டிருந்தது. குருவம்மா கையெழுத்துப் போட்டாள். வழக்கமான அழகான கையெழுத்து அன்றைக்கு வரவில்லை.

உறுதிமொழித் தாளைப் பாறையில் ஒட்டிவிட்டு வேலியைப் பிரித்தார்கள். மிருகங்கள் முதலில் குட்டைக்கு ஓடின. குருவம்மா ஒரு தேக்கிலையில் தண்ணீர் மொண்டுவந்து கருப்பாயியின் வாயில் ஊற்றினாள். பிறகு அவள் கழுத்தைத் தாங்கிப் பாறையோடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு நக்கு. இரண்டு. குருவம்மா பழக்கதோஷத்தில் முள்ளை நிமிர்த்தினாள். ஏழாவது முள் நிமிர்ந்த பிறகும் கருப்பாயி நிறுத்தவில்லை. எட்டு, ஒன்பது, பதினைந்து. எட்டாவது முள் யார் மேலும் இறங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கருப்பாயி எழுந்து நின்றாள். குட்டி மடியை முட்டியது. இந்தத் தடவை அழவில்லை. குருவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செய்தது பொய்யா மெய்யா என்ற குடைச்சல் அந்த நிமிஷத்தில் அடங்கிற்று. இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இவள் பக்கத்து வீட்டுக்காரி. இவள் புரிந்துகொள்வாள்.

"கருப்பாயி..." என்று ஆரம்பித்தாள்.

கருப்பாயி நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"அக்கா, உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். பழைய உப்பை விட இது எவ்வளவு நல்லா இருக்கு! நக்கினவுடனே உடம்புல தெரியுது. எல்லாம் அந்தச் சோடியத்தை எடுத்துட்டதாலதானே?"

குருவம்மா பாறையை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். "ஆமாடி" என்றாள். "குளோரினையும்தான் எடுத்துட்டாங்க."

நீதி: உப்பில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், உப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். (மாணவர்கள் தேர்வுத்தாளில் மட்டும் சோடியம் குளோரைடு என்றே எழுதவும், அங்கே யாரும் நக்கிப் பார்ப்பதில்லை.)