சேறு பிடிக்காத ஈரநில நேசர்

ஈரநில நேசர் என்று ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரோரச் சதுப்புப் பக்கம் போனால் போதும், அதுவே வந்து உங்கள் தோளில் கைபோட்டுக்கொள்ளும்.

நம் நேசருக்குச் சதுப்பு நிலம் என்றால் உயிர். அதில் சேறு இருப்பதுதான் பிடிக்காது. பாசி பிடிக்காது, தவளை கத்துவது பிடிக்காது, நாணல் கண்டபடி வளர்ந்து கரையில் நிற்பவருக்குத் தண்ணீரை மறைப்பது அறவே பிடிக்காது. இதையெல்லாம் அகற்றிவிட்டு, சுற்றிலும் நடைபாதை போட்டு, நாலு பெஞ்சும் கலர் விளக்கும் வைத்துவிட்டால் இயற்கை தன் முழு அழகோடு விளங்கும் என்பது அவர் கட்சி. இத்தனை காலமாக இயற்கைக்கு இது தோன்றவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

போன மாதம் சதுப்பைச் சுத்தம் செய்யப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்தார். அறிவியல் டீச்சரோடு வந்தார்கள். அந்த வகுப்புக்குச் சதுப்பு புதிதல்ல. நாணலுக்குள் ஒரு நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு வெளிவருவதைப் பார்க்க வகுப்பே தவம் கிடந்தது. நேசர் கையிலோ அரிவாள்.

"சார், அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். கூடு இருக்கு," என்றார் டீச்சர்.

"கூடா? ஒண்ணும் தெரியலையேம்மா!"

"தெரியக் கூடாதுன்னுதான் சார் அங்க கட்டியிருக்கு. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் விட்டுடுங்க."

"நீங்க கவலையே படாதீங்க. கூட்டை நான் தொடவே மாட்டேன்."

சொன்ன சொல் தவறாதவர் நேசர். டீச்சர் பிள்ளைகளோடு பள்ளிக்குத் திரும்பிய பிறகு, கூட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டுச் சுற்றியிருந்த நாணலைக் கண்ணும் கருத்துமாக, ஒரு தண்டு மிச்சமில்லாமல், வழித்தெடுத்தார். மறுநாள் பிள்ளைகள் வந்து பார்த்தபோது கூடு நட்ட நடுத் தண்ணீரில் பளிச்சென்று தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்தது காக்கைக்குத் தெரியாதா? முட்டை ஒன்றுகூட இல்லை. நீர்க்கோழியையும் காணவில்லை. ஒரு சிறுமி கரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நேசர் மனம் தளரவில்லை. "அழாதேம்மா, அதே இடத்துல சிமெண்ட்ல ஒரு நீர்க்கோழி செஞ்சு வெச்சுடலாம்."

"அது முட்டை போடுமா அங்கிள்?"

"போடாதுதான், ஆனா இது பறந்தும் போகாதே!" என்றார், பெருமையாக.

அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "பாவம், நல்ல எண்ணத்தில்தானே செய்தார், சும்மா இருப்பவர்களுக்கு இவர் மேல்" என்று எங்காவது ஓரிடத்தில் உங்கள் மனசு முணுமுணுத்ததா? முணுமுணுத்திருந்தால் தயங்காமல் வரும் ஞாயிறு கிளம்பி வாருங்கள். எதிர்க்கரையில் நாணல் இன்னும் பாக்கியிருக்கிறது.