காயில்காரர் வீட்டுத் தீட்டு

கோயமுத்தூரில் எரிந்துபோன மோட்டாருக்கு உயிர் கொடுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரு சினிமா நடிகர் செத்ததற்குத் தன் வீட்டில் தீட்டுக் காத்தவர் உலகத்திலேயே எங்கள் தெருக் காயில்காரர் ஒருவர்தான். மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. அவர் பட்டறைக்கு மேல்மாடியில் நான் குடியிருந்தேன்.

நடிகரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவர் நன்றாக நடித்தாரா இல்லையா என்று என்னோடு சண்டைக்கு வருவீர்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை, பாவம். காலையில் நெஞ்சுவலி என்றார்கள், மத்தியானம் ஆள் இல்லை என்றார்கள். ஊரே அழுதது. சிலர் ஸ்டேட்டஸ் போட்டார்கள், சிலர் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். காயில்காரர் மொட்டை போட்டுக்கொண்டு, பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார்.

“ஏனுங்க, வாழை காயுதுங்க. மோட்டாரு ஆயிருச்சுங்களா?”

“தம்பி போயிட்டாப்லைங்க.”

விவசாயி பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டித் துக்கம் கேட்டார். என்ன வயசு, எத்தனை குழந்தைகள் என்று விசாரித்துக் கண்கலங்கி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் உள்ளே டிவியில் ஓடிய ஊர்வலம் கண்ணில் பட்டது. மாடிப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

“செரி உடுங்க, அழுதது அழுதாச்சு,” என்று சொல்லி, இன்னொரு டீயும் குடித்துவிட்டுத்தான் போனார்.

இதுவரை வேடிக்கைதான். வினை அதற்கப்புறம் வந்தது. காயில்காரர் மகள் பவித்ராவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை கோபிசெட்டிபாளையம், பெண்ணுக்கு மிகவும் பிடித்த பையன். காயில்காரர் சம்பந்திக்குப் போன் போட்டு, “தம்பி தவறிட்டானுங்க. வருசம் திரும்பாம ஊட்டுல நல்ல காரியம் பண்ண முடியாதுங்க,” என்று சொல்லிவிட்டார்.

சம்பந்திக்கு, செத்த தம்பி யாரென்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. பதினாறாம் நாளுக்குள் பழைய தேதியை உறுதி செய்யாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகத் தகவல் வந்தது. பவித்ரா சாப்பிடவில்லை. எனக்கும் சிரிப்பு நின்றுபோனது.

“ஏனுங்ணா, ரசிகனுக்கு ஏது தீட்டு?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“இருக்கறப்ப தம்பிங்கறது, செத்தா மட்டும் ரசிகன்னு சொல்லிப்போட்டுக் கல்யாணப் பந்தியில உக்கார்றதுங்களா சார்?”

எழுதிப் பிழைக்கிறவன் என்று பெயர். மாடிக்கு ஏறிப் போய்விட்டேன்.

பதினாறாம் நாள் தெருவுக்கே சாப்பாடு போட்டார். அதுவரை வாயே திறக்காத அவர் மனைவி சரசக்கா, கையில் கரண்டியோடு பந்தி நடுவே வந்து நின்றார்.

“ஏனுங்க, தம்பி மேடையேறுனா மொதல்ல என்ன சொல்லுவாப்ல?”

“அக்கா தங்கச்சிங்களுக்கெல்லாம் வணக்கமுன்னு சொல்லுவாப்ல.”

“அப்ப நான் அக்காதானுங்களே?”

“பின்ன?”

“நீங்க?”

“அண்ணன்.”

“அக்காளும் அண்ணனுமா இருபத்தாறு வருசம் குடும்பம் பண்ணியிருக்கறமுங்க?”

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் இலை நிறைந்தது தெரியாமல் ஊற்றிக்கொண்டே நின்றார். காயில்காரர் மொட்டைத் தலையைத் தடவினார். எந்த மோட்டாரிலும் எந்த ஒயர் எங்கே போகிறதென்று கண்ணைமூடிக்கொண்டு சொல்கிறவருக்கு, இது மட்டும் பிடிபடவில்லை.

“ரெண்டு பேர்த்துல ஒருத்தருக்குத்தான் அவரு பொறப்பு. நான் கூடப்பொறப்பு இல்லாதவளுங்க. எனக்கு உட்டுக்குடுத்துப்போடுங்க.”

பவித்ரா பெரியவளானபோது தாய்மாமன் சீர் செய்ய ஆளில்லாமல் சரசக்கா சமையலறையில் நின்று அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

காயில்காரர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப எனக்கு மச்சானாயிருவாப்ல?”

“ஆமாங்க. மச்சானுக்கு நீங்க வருசம் காக்க வேண்டீதில்லீங்க. கட்டிக்குடுத்த எனக்கு மூணு நாளோட தீட்டுப் போயிருச்சு.”

“போன எடு கண்ணு,” என்றார் மகளிடம்.

குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் உட்காரவேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி, அதில் மாலை போடாத படம், பக்கத்தில் மடித்த பட்டு வேட்டி. மச்சான் சார்பில் சீர்த்தட்டைத் தூக்கி வந்தவர், அரை அங்குல முடியோடு காயில்காரர்.

சினிமாவே பார்த்திராத மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்னிடம், “படத்துல இருக்கற பையன் யாருங்க?” என்றார்.

என் வாயில் கேலிதான் வரும் என்று நானே பயந்தேன்.

“பொண்ணோட தாய்மாமனுங்க. சின்ன வயசுலயே போயிட்டாப்லைங்க.”

“அடடா, கல்யாணத்தப் பாக்கக் குடுத்து வெக்கலியே.”

தட்டை இறக்கிவைத்துவிட்டு வந்த காயில்காரரின் கையைப் பிடித்து, “வாங்ணா, சாப்பிடலாம்,” என்றேன். அவர் எனக்கு அண்ணன் என்றால், அந்தப் பையன் எனக்கும் மச்சான் முறைதானே.