பத்து எண்ணி முடிக்கும்வரை

ஸ்டூலைக் காணோம்.

இருபத்தாறு வருடமாக லிஃப்டுக்குள்ளேயே கிடந்த மர ஸ்டூல். அதில் உட்கார்ந்தபடியே ஆட்களை ஆறு மாடிக்கும் ஏற்றி இறக்கியதால்தான் லிஃப்டுக்காரருக்கு 'ஸ்டூல் அண்ணன்' என்று பெயர். இன்று லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். புது லிஃப்டில் அவரவரே பட்டனை அமுக்கிக்கொள்ளலாமாம். பதினோரு மணிக்கு ஆறாவது மாடிக்கு வரும்படி மேனேஜரிடமிருந்து ஒரு சீட்டு வேறு.

ஸ்டூலைத் தூக்கிவிட்டார்கள், அடுத்து ஆள்தான் என்று அவருக்குப் பட்டது. வீட்டுக்குப் போன் போட்டார்.

"பேசாம மூச்சுக்கோளாறு இருக்குன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்குடி."

"ஐயோ, நான் சொல்றத ஒரு நாளாவது முழுசா..."

வைத்துவிட்டார்.

மூச்சுக்குழாய் சுருங்கி ஆறு வருடம் ஆகிறது. ஆபீசில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. இன்ஹேலர் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளிந்திருந்தது. "மருந்து வழியைத் திறந்துவிடும், நடக்க வேண்டியது நீங்கதான். உறிஞ்சினதும் வாயை மூடிக்கிட்டுப் பத்து எண்ணுங்க. நடுவுல வாயத் திறந்தா மருந்து வீண்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடப்பதற்கு எங்கே போவார், பாவம். ஒரு நாளைக்கு நூறு தடவை மேலே போன மனிதர், ஒரு தடவைகூடப் படி ஏறியதில்லை.

முதல் மாடி ஏறுவதற்குள்ளேயே நெஞ்சுக்குள் பழந்துணியைத் திணித்தாற்போல் ஆயிற்று. தூணுக்குப் பின்னால் போய் மருந்தை இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று...

"அண்ணே, மேலயா போறீங்க?" டைப்பிஸ்ட் பெண் வந்து நின்றாள். "இந்த ஃபைலுங்களை மூணாவது மாடி ஸ்டோர்ல குடுத்துடறீங்களா?"

ஐந்து, ஆறு. வாயைத் திறந்தால் மருந்து போச்சு. தலையை ஆட்டினார்.

முழங்கை உயரத்துக்கு ஃபைல். அதைச் சுமந்து மூன்றாவது மாடியை எட்டியபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஃபைலை மேஜையில் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி மறுபடி இழுத்தார்.

"வாங்கண்ணே!" ஸ்டோர்காரர் பின்னாலேயே வந்துவிட்டார். "மேனேஜர் ரூமுக்கு டேபிள் ஃபேன் ஒண்ணு போகணும். உங்களுக்குச் சிரமமா இருக்குமோ?"

நான்கு. நம்மால் ஆகாதப்பா என்று வேகமாகத் தலையை அசைத்தார்.

"சிரமமே இல்லையா! இப்படி ஒரு ஆளு இருந்தா லிஃப்ட் எதுக்குங்கறேன்!" ஃபேன் அவர் கைக்கு வந்துவிட்டது.

மருந்து ஏற ஏறக் கை நடுங்கியது. கையோடு ஃபேனும் கடகடத்தது. ஐந்தாவது மாடியில் அந்தச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்கள், "ஸ்டூல் அண்ணனைப் பாருங்கய்யா, இந்த வயசுல!" என்று கை தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே உட்கார்ந்து இளைப்பாறுவது எப்படி? ஏறினார். விழுந்தால் ஃபேன் மேலேயே விழுந்துவிடலாம், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விடிவு காலம் என்று தோன்றியது.

ஆறாவது மாடி. டீ கொண்டுவரும் அம்மாள் மட்டும் தட்டோடு நின்றாள். ஃபேனை இறக்கி, கடைசியாக ஒரு தடவை இழுத்தார். ஒன்று, இரண்டு...

கதவு திறந்தது. மேனேஜரேதான்.

"ஆறு மாடியும் நடந்தா வந்தீங்க? ஃபேனையும் தூக்கிக்கிட்டா?"

தலையாட்டினார்.

"கொஞ்சம்கூட மூச்சு வாங்கலையே!"

எப்படி வாங்கும்? பிடித்து வைத்திருக்கிறாரே. ஏழு, எட்டு.

"உங்களுக்கு மூச்சுக்கோளாறுன்னு கேள்விப்பட்டேன். நெஜமா?"

ஒன்பது. பத்து. வாயைத் திறந்தார்.

"அதெல்லாம்... ஒண்ணுமே இல்லைங்க சார். கட்டிவிட்ட கதை."

மேனேஜர் கையிலிருந்த தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"ரொம்ப சந்தோஷம். அப்ப நாளையிலேருந்து தபால் பிரிவு. லிஃப்ட் வர ஆறு மாசமாகும். அதுவரைக்கும் தினம் மூணு தடவை எல்லா மாடிக்கும் தபால் குடுத்துடுங்க. உங்களுக்கென்ன, சிட்டா பறக்கறீங்க."

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்டுக்காரர் மேல்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். பிடித்து வைத்த மூச்சையெல்லாம் வட்டியோடு இரைக்க ஆரம்பித்தார். வேலை தப்பியது. ஆள் தப்புவாரா என்பதுதான் தெரியவில்லை.

டீக்கார அம்மாள் ஒரு டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? மூச்சுக்கோளாறு இருக்கறவருக்கு உட்கார்ந்து பாக்கற வேலையாக் குடுங்கன்னு அண்ணி போன வாரமே வந்து அழுது வாங்கிட்டுப் போனாங்க, கீழ விசாரணை மேஜைக்குப் பின்னால உங்க ஸ்டூலைக்கூடப் போட்டு வெச்சாச்சே!"