ரிங் ரோட்டில் ஒரு செக்குமாடு

ஒரு காட்டில், மரங்களையெல்லாம் வெட்டி முடித்த பிறகு, மிருகங்கள் ஒரு நகரத்தைக் கட்டின. வெட்டிய மரங்களின் பெயர்களைக் கட்டடங்களுக்கு வைத்தன. தேக்கு டவர், வேங்கை டவர், மருதமரம் நின்ற இடத்தில் மருதம் பார்க்கிங். வேங்கை டவரின் நாலாவது மாடியில் குறைதீர்ப்பு நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு செக்குமாடு புதிதாக வேலைக்குச் சேர்ந்தது.

ஊரில் அதன் பெயர் காரி. அடையாள அட்டையில் காரியப்பன் என்று போட்டார்கள்.

அந்த நிறுவனத்தின் வேலை எளிமையானது. காட்டில் யாருக்காவது குறை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாள் முதல் மேசையிலிருந்து இரண்டாவது மேசைக்குப் போகும், அங்கிருந்து மூன்றாவதுக்கு, இப்படி எட்டு மேசைகளையும் பார்த்துவிட்டு மறுபடி முதல் மேசைக்கே வந்து சேரும். அதற்குள் குறை சொன்னவர் குறையை மறந்திருப்பார், அல்லது குறைக்குப் பழகியிருப்பார். தாளைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போவதற்குத்தான் காரியை எடுத்தார்கள். இதற்கு முன் அந்த வேலைக்கு வந்த குதிரைக்கு இரண்டாம் நாளே தலை சுற்றியது. காரிக்குச் சுற்றவில்லை. பன்னிரண்டு வருடம் செக்கில் நடந்த கால்கள் அவை.

ஆறு மாதம் தற்காலிகம். அதற்குப் பிறகு நிரந்தரம் ஆனால் ரிங் ரோட்டை ஒட்டிய குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். ஊரில் இருக்கும் மனைவி செவந்தியையும் கன்றுக்குட்டியையும் கூட்டி வந்துவிடலாம். நிரந்தரம் ஆகாவிட்டால் திரும்பப் போய்ச் செக்கில் தோளைக் கொடுக்க வேண்டியதுதான். அதற்கும் வழி சிக்கலாகத்தான் இருந்தது. செவந்தி அவசரக்காரி. தொழுவத்தைக் காலி செய்வதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டது. ஓர் ஆட்டுக் குடும்பம் சட்டி பானையோடு வந்து தொழுவத்து வாசலில் உட்கார்ந்திருந்தது. தினமும் போனில் இதைச் சொல்லிவிட்டுத்தான் செவந்தி மற்ற சமாசாரம் பேசும்.

காரி ஒழுங்காக வேலை பார்த்தது. ஒருநாள் கூட லீவு போடவில்லை. அப்படியும் மூன்றாம் மாதம் வந்த மதிப்பெண் தாளில் ஓர் இடத்தில் பூஜ்யம் இருந்தது. அந்த இடத்துக்குப் பெயர் ‘பார்வை விரிவு’.

அது என்ன என்று காரி மேலாளரிடம் போய்க் கேட்டது. மேலாளர் கஸ்தூரி மேடம் ஒரு புனுகுப்பூனை. மேலாளர் என்பதால் அவரை மட்டும் மரியாதையாகவே சொல்வோம். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு டீ மெஷின் பக்கத்தில் எல்லோரும் கூடுகிறார்களே, அங்கே காரி ஏன் வாயே திறப்பதில்லை என்று கேட்டார்.

காரிக்கு அது வெட்டிப் பேச்சு என்றுதான் தோன்றியிருந்தது. சனி ஞாயிறில் யார் எந்த மலைக்குப் போனார்கள், எந்த அருவியில் குளித்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். மேடம் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொள்வார். வீட்டிலேயே இருந்தவர்களுக்கு அந்த அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு: முளைக்குச்சி. காரி சனிக்கிழமை துணி துவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்.

“புது இடத்தைப் பார்க்காதவங்க புதுசா என்ன யோசிக்கப் போறாங்க, சொல்லுங்க?” என்றார் மேடம். “இன்னும் மூணு மாசம் இருக்கு. முளைக்குச்சியை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

பக்கத்து மேசையில் துரைவேல் என்று ஒரு முயல் இருந்தது. வாரம் தவறாமல் வெளியூர் போகிற முயல். காரி அதனிடம் யோசனை கேட்டது. துரைவேல் உற்சாகமாகி, வாடகை வேன் எங்கே கிடைக்கும், என்ன கண்ணாடி போட வேண்டும், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படம் எடுக்க வேண்டும் எல்லாம் சொல்லிக் கொடுத்தது. வழியும் சொன்னது. நேராகப் போ, ரிங் ரோடு குறுக்கே வரும், அதைத் தாண்டி நேராகவே போ, மூன்று மணி நேரத்தில் அருவி.

சனிக்கிழமை விடிந்ததும் காரி கிளம்பியது. நேராகப் போனது. ரிங் ரோடு குறுக்கே வந்தது. அங்கேதான் கழுத்து தானாக இடப்பக்கம் சாய்ந்தது. செக்கு எப்போதும் இடப்பக்கம்தான் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கழுத்துக்கு வேறு பக்கம் தெரியாது. கழுத்து சாய்ந்த பக்கம் ஸ்டீயரிங்கும் சாய்ந்தது. வேன் ரிங் ரோட்டில் ஏறியது.

சாலை மெல்ல மெல்ல இடப்பக்கமே வளைந்துகொண்டிருந்தது. காரிக்கு உடம்பெல்லாம் சுகமாக இருந்தது. நகரத்துக்கு வந்த பிறகு இவ்வளவு நிம்மதியாக அது எங்கேயும் போனதில்லை. ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. புகை மூட்டமாக ஒரு மலை வந்தது, மேலே பருந்துகள் வட்டமிட்டன. வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும் ஓர் ஏரி வந்தது. ஒரு டீக்கடை வந்தது. அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மலை, ஓர் ஏரி, ஒரு டீக்கடை. செக்கில் கட்டும்போது கண்ணை மறைத்துக் கட்டுவார்கள். துணியை அவிழ்த்த பிறகும் காரிக்குப் பார்க்காமல் பார்க்கிற பழக்கம் போகவில்லை. இந்தக் காலத்தில் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது. டீக்கடைகளில் எல்லாம் ஒரே ஜாடையில் கரடிகள் நின்றன. கரடிகளுக்குச் சொந்தபந்தம் அதிகம் போலிருக்கிறது.

ஞாயிறு மாலை வேனைத் திருப்பிக் கொடுத்தபோது மீட்டர் அறுநூறு கிலோமீட்டர் காட்டியது.

திங்கட்கிழமை டீ மெஷின் பக்கத்தில் காரி முதல்முறையாக வாய் திறந்தது. அறுநூறு என்றதும் துரைவேலின் காது இரண்டும் விறைத்து நின்றன. அது வழக்கமாகப் போய்வருவது இருநூறுதான். என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். காரிக்குப் பொய் சொல்லத் தெரியாது. புகை சூழ்ந்த மலையைச் சொன்னது, பருந்துகளைச் சொன்னது, நுரை மிதக்கும் ஏரியைச் சொன்னது. யாருக்கும் அப்படி ஓர் இடம் தெரிந்திருக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, போய்க்கொண்டே இருந்தால் வரும் என்றது. மேடம் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமைகள் காரி போய்வந்தது. பார்வை விரிவில் பத்துக்கு ஒன்பது ஆனது. துரைவேல் அதைக் ‘காரி அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தது. யாரோ அதன் மேசையில் சின்னதாக ஒரு பூச்செடி வைத்தார்கள். செவந்தியிடம் மூட்டை கட்டச் சொல்லிவிடலாமா என்று காரி யோசித்தது.

ஐந்தாவது பயணத்தின்போது, டீக்கடைக் கரடி டம்ளரைக் கொடுத்துவிட்டு வேன் ஜன்னலில் சாய்ந்து நின்றது.

“அண்ணே, கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க எதுவும் ரோந்து வேலை பார்க்கறீங்களா?”

இல்லை, வெளியூர் போய்க்கொண்டிருக்கிறேன் என்றது காரி.

“எந்த ஊருக்கு? காலையிலேர்ந்து இது நாலாவது டீ. முதல் டீ குடிச்ச டம்ளரை இன்னும் கழுவக்கூட இல்ல, இந்தா பாருங்க.”

காரி டம்ளரைப் பார்த்தது. கரடியைப் பார்த்தது. வேனை விட்டு இறங்கி முதல்முறையாக அந்த மலையை நன்றாகப் பார்த்தது. அது நகரத்துக் குப்பை. ஏரியில் பொங்கியது சாயப்பட்டறையின் கழிவு. தூரத்தில் வேங்கை டவரின் உச்சி தெரிந்தது.

அன்றைக்குச் செவந்தியிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. செவந்தி சிரித்த சிரிப்பில் கன்றுக்குட்டி விழித்துக்கொண்டது.

“ஏங்க, இங்கயும் அதைத்தானே செஞ்சீங்க. இங்க எண்ணெயாவது வந்துச்சு.” சிரிப்பு அடங்கிய பிறகு, மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடச் சொன்னது. வேலை போனால் போகிறது, ஆடுகளை எழுப்பி அனுப்புவதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னது. அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

திங்கட்கிழமை காரி சொல்லத்தான் போனது. அதற்குள் மேடம் கை தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். வருகிற சனிக்கிழமை மொத்த டீமும் காரியப்பனின் மலைக்குப் போகிறது, காரியப்பனே வேன் ஓட்டும், திரும்பி வந்ததும் நிரந்தர உத்தரவு என்று அறிவித்தார். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

துரைவேல் சொன்ன அருவிக்கே கொண்டுபோய் விடலாம் என்று காரி முடிவு செய்தது. சனிக்கிழமை ரிங் ரோடு சந்திப்பு வந்தபோது ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தது. கழுத்தையும் விறைத்துக்கொண்டது. கழுத்து நேராக இருந்தது. வேன் இடப்பக்கம் திரும்பியது.

பின்னால் யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலை வந்ததும் இறங்கினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி படம் எடுத்தார்கள். மலைக் காற்றுக்கு இப்படி ஒரு கனமான வாசம் இருக்கும் என்று துரைவேல் மற்றவர்களுக்கு விளக்கியது. ஏரிக்கரையில் நுரையை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். மறுபடி வேன் கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் இன்னொரு மலை வந்தது. முதல் மலையைவிட இது அமைதியாக இருக்கிறது என்றார் மேடம்.

மூன்றாவது சுற்றில்தான் அது நடந்தது. மேடத்தின் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாலையோரம் ஒரு மொட்டை மாடியில் கைலி கட்டிய புனுகுப்பூனை ஒன்று வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தது. வேனைப் பார்த்துக் கையாட்டியது. அது அவருடைய கணவர்.

மேடம் கையாட்டவில்லை. காரி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தது. தொழுவத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆடுகள் நினைவுக்கு வந்தன. வேனின் வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த குரலில், மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தது.

மேடம் முன்னால் சாய்ந்தார். “காரியப்பன், நம்ம டீம் புது மலை ஒண்ணு கண்டுபிடிச்சிருக்குன்னு போன மாசமே மேலிடத்துக்கு எழுதிட்டேன். சிங்கம் ஐயா பாராட்டிக் கடிதம் அனுப்பியிருக்கார். ஃப்ரேம் போட்டு மாட்டியாச்சு.”

“ஆனா மேடம், அது குப்பை...”

“அது மலைதான். ஓட்டுங்க.”

காரி ஓட்டியது. துரைவேலும் வேங்கை டவரின் பின்பக்கத்தை இரண்டு முறை பார்த்திருந்தது. தன் மேசை ஜன்னல் கூட அதற்குத் தெரிந்தது. அது தொண்டையைச் செருமிக்கொண்டு, எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று ஆச்சரியப்பட்டது. ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவசரமாகப் போனுக்குத் திரும்பினார்கள்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. காரி நிரந்தரமானது. கூடவே பயண வழிகாட்டுப் பிரிவின் தலைவர் என்று பதவி உயர்வும் வந்தது. வேங்கை டவரின் எட்டு மாடி ஆட்களும் இனி சனிக்கிழமைதோறும் காரியின் பின்னால் போக வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. குப்பைமேட்டுக்குக் கம்பி வேலி போட்டு, நுழைவாயிலில் வரிசையில் நிற்கவும் படிவம் நிரப்பவும் ஏற்பாடு செய்தார்கள்.

வியாழக்கிழமை செவந்தியும் கன்றும் வந்து இறங்கினார்கள். ரிங் ரோட்டைப் பார்த்த வாசல், இரண்டு அறை, பால்கனி. செவந்தி ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தது. ஆட்டுக் குடும்பம் இந்நேரம் தொழுவத்தில் அடுப்பு பற்ற வைத்திருக்கும் என்றது.

சனிக்கிழமை காரி கன்றைத் தன் பக்கத்து ஆசனத்தில் ஏற்றிக்கொண்டது. செவந்தி பின்னால் உட்கார்ந்தது. வேனுக்குப் பின்னால் இருபத்துமூன்று வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ஊர்வலம் கிளம்பியது. கன்று பருந்துகளை எண்ணியது, நுரையைப் பார்த்துத் துள்ளியது. ஒரு சுற்று முடிந்தது.

“நம்ம வீடு வந்துருச்சு,” என்றது செவந்தி. “நிறுத்துங்க. சோறு வடிக்கணும், புள்ளைக்கும் தூக்கம் வருது.”

நிறுத்த முடியாது, பின்னால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வருகிறார்கள், நின்றால் இடித்துவிடுவார்கள் என்றது காரி.

“அப்ப மெதுவாப் போங்க. நாங்க இறங்கிக்கிறோம்.”

இறங்கிக்கொண்டார்கள். அடுத்த சுற்றில் அவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த சுற்றில் செவந்தி சாலையோரமாக ஓடி வந்து ஜன்னல் வழியாகச் சோற்றுத் தூக்கைக் கொடுத்தது. நாலாவது சுற்றில் கன்று மட்டும் கேட்டருகே நின்றது.

“அப்பா, வீட்டுக்கு எப்ப வருவ?”

காரி தலையை வெளியே நீட்டிப் பதில் சொல்வதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள். வீடு கடந்துபோய்விட்டது.

நீதி: முன்னேறுவதற்கு எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை, நிறுத்த முடியாதபடி பின்னால் நாலு வண்டி வந்தால் போதும்.