பெக்கோவுக்கு நான் ஊற்றிய யூரியா

மஸ்கெலியா,
ஐப்பசி 18.

அன்பும் மதிப்பும் நிறைந்த மருமகன் தரணிதரன் அவர்களுக்கு, மாமா சிவசாமி எழுதிக்கொள்வது.

கத்தார் வெயில் உங்கள் உடம்பை வாட்டாமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே உங்கள் அத்தை யோகேஸ்வரி சுகம், மகள் கௌசி சுகம், நானும் சுகமென்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாடுபட்டு வாங்கி என் பொறுப்பில் விட்டுப்போன, மண் வாரும் பெக்கோ வண்டியும் இப்போது சுகம். ‘இப்போது’ என்று எழுதியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல வண்டியைக் கழுவி, சந்தனம் பூசி, சாம்பிராணி காட்டினேன். சேற்றில் உழைக்கிற வண்டியாயிற்றே என்று அடிப்பக்கத்திலும் பின்பக்கத்திலும் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகவே பீய்ச்சினேன். திங்கட்கிழமை காலை டிரைவர் மதுரன் வந்து, “ஐயா, மஞ்ச வெளக்கு எரியுதுங்க. யூரியா சரியில்லன்னு எழுத்து வருது” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யூரியாவா? அவன் நீலக் கேனிலிருந்து ஊற்றுவது ரேடியேட்டர் தண்ணீர் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்! “யூரியா தேயிலைக்குப் போடுறதுடா, வண்டி அத எங்க கொண்டுபோய்ப் போடுது?” என்று கேட்டேன். “பொகையில போடுதுங்க. நஞ்சு கொறையுமாம். அது நல்ல யூரியாவான்னு பாக்க டேங்குக்குள்ள ஒரு சென்சர் இருக்குங்க” என்றான். மருமகன், நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். உரம் கிடைக்காமல் நம் மலையெல்லாம் மஞ்சளித்து நின்றதே, அந்தக் காலத்தில்கூட வெளிநாட்டு வண்டிகள் யூரியா குடித்துக்கொண்டா இருந்தன? இதை ஏன் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

தோட்டத்து உர ஸ்டோரில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். மூட்டையைத் தட்டிப் பார்த்தே ஈரம் ஏறியிருக்கிறதா என்று சொல்லுவேன். என் வாசலில் நிற்கிற வண்டிக்கு யூரியா சரியில்லை என்றால் ஊரில் நான் எப்படி நடப்பேன்? மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த நல்ல யூரியாவை எடுத்து, மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டியில் இரண்டு தடவை வடிகட்டினேன். “ஐயா, வேணாங்க. அந்தக் கேன தவிர வேற எதுவும் ஊத்தக் கூடாதுன்னு தரணி அண்ணே சொல்லியிருக்காங்க” என்று மதுரன் கையைப் பிடித்தான். “உங்க அண்ணனுக்குப் பொண்ணு குடுத்தவன் நான்” என்று சொல்லி ஒரு வாளி முழுவதையும் ஊற்றிவிட்டேன். விளக்கு அணையவில்லை. மருந்து பிடிக்க நேரமெடுக்கும் என்றேன்.

புதன்கிழமை விடியும்போது கீழ் டிவிஷன் பாதையில் மண் சரிந்து விழுந்தது. அன்றைக்குத்தான் அந்த டிவிஷன் லயத்து வீட்டில் குடியிருக்கிற பெரியதம்பியின் மகள் சுதர்ஷினிக்கு மஸ்கெலியா கோயிலில் பத்தரைக்கு முகூர்த்தம். நோட்டன் பிரிட்ஜிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எட்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். பொண்ணு வீட்டார் முழுவதும் மண்ணுக்கு அந்தப் பக்கம். பெரியதம்பி போனில் அழாத குறையாக, “ஸ்டோர் ஐயா, நீங்கதான் தொணை” என்றார். நானும் மதுரனும் பெக்கோவோடு போனோம். முக்கால் மணி நேரத்தில் வழி திறந்துவிட்டது. கடைசி மண்ணைப் பள்ளத்தில் தள்ள வண்டியைக் குறுக்கே திருப்பிய நேரம், மஞ்சள் விளக்கு சிவப்பாக மாறி, ஏதோ கூவி, இன்ஜின் சத்தம் அப்படியே இறங்கிவிட்டது. மதுரன் மிதிக்கிறான், ஏறவில்லை. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் சேற்றிலிருந்து எழும்ப வலு இல்லை. யூரியா சரியில்லையென்றால் வண்டியே தன் வலுவைக் குறைத்துக்கொள்ளுமாம். முன்வாளி பள்ளத்தின் விளிம்பில், பின்பக்கம் மண் மேட்டில். ஒரு ஆள் நுழைய இடமில்லை. மண் மூடியிருந்தபோதாவது ஏறிக் குதித்திருக்கலாம்!

“நீங்க மண்ண எடுக்க வந்தீங்களா, ரோட்ட மூட வந்தீங்களா?” என்று அந்தப் பக்கமிருந்து பெரியதம்பி கத்தினார். மணி ஒன்பதரை. அவர் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது மணப்பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, “அப்பா, சும்மா கத்தாதீங்க. இந்த வண்டிக்கு ரெண்டு பக்கமும் கதவு இருக்கு” என்றது. மதுரன் இன்ஜினை நிறுத்தி, வாளியைத் தரையில் ஊன்றி, சீட்டின் மேல் துண்டை விரித்தான். சுதர்ஷினி இடது கதவால் ஏறி, சீட்டைச் சுற்றி, வலது கதவால் இறங்கியது. பிறகு தாய், தகப்பன், சீர்வரிசைத் தட்டு, மேளக்காரர், மொத்தம் நாற்பத்தோரு பேர் நம் பெக்கோவுக்குள் புகுந்து வந்தார்கள். பெண்ணின் அத்தை வேலாயி மட்டும் சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். முழங்கை ஹாரனில். அவரை இழுத்து எடுக்கும்வரை ஹாரன் நிற்கவில்லை. மலை முழுக்க எதிரொலித்தது. கோயிலிலிருந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு என்னமோ நடந்துவிட்டதென்று அலறியடித்து ஓடி வந்தார்கள். ஒருவழியாகப் பத்தேகாலுக்குப் பெண் கோயிலுக்குள் நுழைந்தது. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு வந்திருந்த கௌசி பட்டுச்சேலையோடு உங்கள் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “புது சென்சர்தான் போடணும், கொழும்புக்குச் சொல்லணும்” என்றான் மதுரன். “சென்சர் பொய் சொல்லுதா, வயர் பொய் சொல்லுதான்னு மொதல்ல பாப்போம்” என்றாள் என் மகள். நான் பெற்ற மகளா இது என்று ஆடிப்போனேன். டேங்குக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு வயரின் மூடியைக் கழற்றி, மீட்டரை வைத்தாள். “அஞ்சு வோல்ட் வரணும். ஒண்ணரைதான் வருது” என்றாள். கழற்றிய இடத்திலிருந்து கலங்கல் தண்ணீர் சொட்டியது. வெள்ளிக்கிழமை நான் பீய்ச்சிய தண்ணீர்! அதைத் துடைத்து, ஊதி, காயவைத்து மாட்டினாள். அஞ்சு வோல்ட் வந்தது. ஆனால் சிவப்பு விளக்கு அணையவில்லை. அவள் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். “இப்ப சென்சர் நல்லாத்தான் இருக்கு. உண்மையத்தான் சொல்லுது. அப்பா, இதுக்குள்ள என்ன ஊத்துனீங்க?”

மருமகன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் அத்தைகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. சொல்லிவிட்டேன். முதலில் நல்ல யூரியாவைக் கெட்டது என்று வண்டி சொல்லியிருக்கிறது. அதை நம்பி நான் கெட்டதையே ஊற்றியிருக்கிறேன். மதுரன் ஹட்டனுக்கு ஓடி இரண்டு நீலக் கேன் கொண்டு வந்தான். டேங்கை வடித்து, பற்றரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரால் இரண்டு தடவை அலசி, புதுசு ஊற்றினார்கள். மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணிய பிறகு விளக்கு அணைந்தது. பொண்ணு மாப்பிள்ளை திரும்பும்போது வேன் நேராகவே போனது. பெரியதம்பி வேனை நிறுத்தி இறங்கி வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் என் கையில் ஒரு லட்டை வைத்துவிட்டுப் போனார். அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

ஆகவே, தண்ணீர் அடித்ததற்கும் வாளி ஊற்றியதற்கும் என்னை மன்னித்துவிடுங்கள். இன்றிலிருந்து அந்த வண்டியை நான் தொட மாட்டேன். சாவியைக் கௌசியிடம் ஒப்படைத்துவிட்டேன். நீங்கள் நீண்ட ஆயுளோடும் குறையாத பெலத்தோடும் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாமா,
வெ. சிவசாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கௌசி இதைப் படித்துவிட்டாள். படித்தவள் சிரிக்கவில்லை, முகம் செத்துப்போய்விட்டது. நான் வண்டியைக் கழுவியதற்கு முதல்நாள் வியாழக்கிழமை ராத்திரி நீங்கள் வீடியோவில் அவளுக்குச் சென்சர் பாடம் நடத்தினீர்களாமே? அந்த மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னது நீங்களாம். திரும்ப ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்த வேண்டும் என்று சொல்ல மறந்ததும் நீங்களாம். பூட்டியிருந்தால் ஆறு குழாய்த் தண்ணீர் அடித்தாலும் உள்ளே போயிருக்காதாம். ஆகவே தண்ணீருக்கு நான் கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். சாவியையும் வாங்கிவிட்டேன். யூரியாவுக்குக் கேட்டது மட்டும் அப்படியே இருக்கட்டும்.