மேலுதட்டு வளையம் பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்புமிகு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கி, யோசித்து, பெரும்பாலும் நலம் என்று திருத்தியிருக்கிறேன். தாங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும்.

படிப்புக்காக என்னிடம் விட்டுப்போன பேத்தி மூன்று வாரமாகச் சிரிக்கவில்லை. கேட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒன்றுமில்லை என்பாள். மனக்கவலை என்று முடிவுகட்டி, பழைய வார இதழ்களிலிருந்து நாற்பது சிரிப்புத் துணுக்குகளை எண்ணிட்டு எழுதி, காலைக்கு ஒன்றாகச் சொல்லிவந்தேன். பத்து வரை அவள் அசையவில்லை. சொல்லும் முறையில்தான் கோளாறோ என்று கண்ணாடி முன் ஒத்திகையும் பார்த்தேன். பதினொன்றாவதில் தடுமாறி முடிவை முதலில் சொல்லிவிட்டேன். அதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன்: மேலுதட்டை உள்ளே ஈறோடு சேர்க்கும் மெல்லிய தசையைத் துளைத்து ஒரு வளையம் முன்பல் மேல் தொங்குகிறது. முப்பத்திரண்டு வருஷம் அச்சுப்பிழை பார்த்த கண்ணுக்கு இது தப்பியிருக்கிறது.

பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வளையம் உரசி உரசி ஈறு மேலே ஏறிவிட்டதாம். விட்டால் பல் வேர் தெரியும், முன்பல் சில்லு பெயரும், சீழும் கோக்கும் என்றார். இவளோ கழட்ட மாட்டேன்னுட்டா. நானும் கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில், "எட்டு மாசமா ஆடுற கடவாய்ப்பல்லப் பிடுங்கப் பயந்துக்கிட்டு ஒரு பக்கமாவே மெல்லுறீங்க, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க. நீங்க பிடுங்கிக்கோங்க தாத்தா, நான் கழட்டுறேன்" என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். கதவை மறிச்சுக்கிட்டு இவ நிக்கிறா. என்ன பண்றது, உட்கார்ந்துட்டேன். கையை அவதான் பிடிச்சுக்கிட்டா. பல் வந்ததும், சொன்னபடி வளையத்தைக் கழட்டி அதே தட்டில் போட்டுட்டா.

ஆகவே அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் எண்ணம் தங்களுக்கு வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் போய்விட்டால் காலையில் யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இனி அவள் வாயில் பல்லும் நாக்கும் தவிர வேறொன்றும் இராது. அதற்கு நான் பொறுப்பு.

இருவரும் ஆயுள் நீண்டும் கோபம் குறைந்தும் வாழ ஆசீர்வதிக்கும்,
தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பிழை பார்க்க அவளிடம் கொடுத்தேன். 'இனி அவள் வாயில்' என்ற இடத்தில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். உள்நாக்கைத் துளைத்து ஒரு மணி தொங்குகிறது. டாக்டரம்மா உதட்டைத்தான் தூக்கிப் பார்த்தார்; நானும் அதோடு நின்றுவிட்டேன். முதல் வளையத்தை அவ்வளவு சுலபமாகக் கொடுத்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. டாக்டரம்மாவைப் போனில் கேட்டேன், அது கழன்றால் மூச்சுக்குழாய்க்கே போகலாம், உடனே வாருங்கள் என்கிறார். இவள், "இதுக்கு என்ன தருவீங்க தாத்தா?" என்கிறாள். 'நான் பொறுப்பு' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே கண்ட மற்றதை ரத்து செய்து படிக்கவும். ஆடாத பல் பதினேழு இருக்கிறது. கிளம்புகிறோம்.