கேரண்டி சிஸ்டர்

சூரியன் கிழக்கே உதித்தது என்று சொன்னால்கூட, எந்த டூட்டியில் யார் பார்த்தது என்று கேட்கக்கூடியவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் சின்ன மருத்துவமனையின் மூத்த நர்ஸ். எதற்கெடுத்தாலும் "இன்னா கேரண்டி?" என்பார், அதனால் கேரண்டி சிஸ்டர். தெர்மாமீட்டரைத் தன் கக்கத்தில் வைத்துச் சோதித்த பிறகே நோயாளிக்குக் காய்ச்சல் என்று ஒப்புக்கொள்வார். கேண்டீன் இட்லியைப் பக்கத்திலிருப்பவர் தின்று பத்து நிமிடம் ஆனால்தான் தொடுவார். அந்தப் பக்கத்திலிருப்பவர் பெரும்பாலும் பதிவேடு எழுதும் நான்.

2008 ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் தூக்கிப்போகும் ஸ்கேன் கருவி வந்தது. லேப்டாப் அளவுதான், கட்டிலருகே வைத்து வயிற்றுக்குள் பார்க்கலாம். நர்ஸ்களுக்கு மூன்று நாள் கற்றுத்தர, சென்னையிலிருந்து டை கட்டிய பயிற்சியாளர் ஒருவரும் வந்தார். திரையில் கறுப்பாகத் தெரிந்தால் நீர் என்பது அவருடைய முதல் பாடம்.

"இன்னா நீரு சார்? மூத்திரமா, ரத்தமா?"

இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும் என்றார் அவர்.

"அப்ப இது பாதிதான் சொல்லுது. மீதிய யாரு சொல்லுவா?"

மூன்று நாளும் சிஸ்டர் அந்தக் கருவியைப் பிக்பாக்கெட்டைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆரம்பாக்கத்துத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஷெட் கூரையிலிருந்து விழுந்தவர். உடம்பின் மேலே ஒரு கீறல் இல்லை. டாக்டர் உள்ளே வேறொருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் உற்சாகமாகக் கருவியை வைத்தார். அடிவயிற்றில் கறுப்பு. மூத்திரப்பை நிறைந்திருக்கிறது, பாடத்துக்கு நல்ல உதாரணம், எல்லோரும் பாருங்கள் என்றார்.

சிஸ்டர் திரையைப் பார்க்கவில்லை; நாடியைப் பிடித்தார். அது தறிகெட்டு ஓடியது. "நைனா, ட்யூப் போடறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று குழாய் செருகி, மூத்திரம் முழுவதையும் வடியவிட்டார். பிறகு தானே கருவியை வைத்தார். கறுப்பு அப்படியே இருந்தது.

"மூத்திரம்தான் வெளிய வந்துட்ச்சே சார். அப்ப உள்ள இருக்கறது இன்னா?"

டை கட்டியவர் டாக்டரைக் கூப்பிட உள்ளே ஓடினார். ஓடிவந்து பார்த்த டாக்டர், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று உடனே சென்னைக்கு அனுப்பினார். டிரைவரை நம்பாமல் சிஸ்டரும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை ரயிலில் திரும்பி, நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பொழச்சிக்கினாரு. ஆபரேசன் மயக்கம் தெளிஞ்சதும் பேரு கேட்டுப் பாத்தேன், சரியா சொன்னாரு."

சொல்லி முடிப்பதற்குள், விரித்திருந்த பதிவேட்டின் மேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார்.

அந்தப் பதிவேட்டில் அன்று காலைக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.